விரல் வழுக்கிய கட்டம்

மகன்,

இதைப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வாசிக்காதே. வீட்டுக்குப் போய், சட்டையை மாற்றி, ஆறுதலாக இருந்து வாசி. ரெலிபோனில் சொல்லலாம்தான். ஆனால் நான் கதைக்கத் தொடங்கினால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லியே என்னை வழியனுப்பி வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி அனுப்ப ஏலாது. நேற்றுப் பின்னேரம் ஷாமினி நுகேகொடையிலிருந்து தனியே இங்கே வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி முழுவதும் ஏறி வந்து, கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து முடித்தாள். பிறகு சொன்னாள்: "வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்கு வரமாட்டேன்னு சொல்றார் அம்மா. நான் குடுக்கப் போறது ஒரு பிழை, அதை ஸ்கிரீன்ல வேற பாக்கணுமான்னு கேக்கிறார். பிள்ளை முழுசா உன்னை மாதிரியே இருக்கட்டும்னு சொல்றார்." சொல்லிவிட்டு அழுதாள். உன்னைப் பெற்றவள் நான், எனக்கு முன்னால் உன் மனைவி இப்படி அழுதால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய். அந்த நேரமே வந்து உன் காதைத் திருக வேண்டும் போல இருந்தது. அப்பாதான் மறித்தார்.

அதனால் எழுதுகிறேன். உன் இரத்தத்தில் இருக்கும் வருத்தத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வராதே. அதன் பெயர், அதன் மருந்து, கிளினிக்கில் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் நீ அதைக் கட்டிலில் படுத்திருந்த பிள்ளையாகத்தான் பார்த்தாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் பார்த்தது தோல்வி இல்லை. அதை உனக்கு ஒழுங்காக யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

என் ஆட்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், அப்பாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த சைவர்கள். எங்கள் கல்யாணத்தில் இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். நீ பிறந்ததும் போட்டி தொடங்கியது. என் அம்மா உனக்கு ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார். அதே கிழமையில் அப்பாவின் அக்கா, உன் பெரிய மாமி, உனக்குக் குறிப்பு எழுதுவித்துக்கொண்டு வந்துவிட்டார். கோயில் பூசாரியும் சுவாமியாரும் உன்னைப் பங்குபோட்டுக்கொண்ட மாதிரி. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் சாதகம் பார்க்கும் வழக்கமே இல்லை. குறிப்பு என்றால் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதும் குறிப்புத்தான். வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த பிறகு, அங்கே அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்று விளங்கியது. யாருக்குக் குறிப்புப் பொருந்தியது, யாருக்குப் பொருந்தவில்லை, யாருடைய குறிப்பில் வெளிநாடு இருக்கிறது என்றுதான் கதை போகும். நாள்போக்கில் நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

நீ கொழுகொழு என்று பிறந்த பிள்ளை. பல் முளைக்கத் தொடங்கிய பிறகுதான் மெல்ல மெல்ல வெளிறினாய். உள்ளங்கை கடதாசி மாதிரி ஆயிற்று. ஒரு காய்ச்சலோடு உன்னை ஆஸ்பத்திரியில் வைத்து இரத்தம் ஏற்றினார்கள். பிறகு எங்கள் இருவரின் இரத்தத்தையும் எடுத்தார்கள். முடிவு வருவதற்கிடையில் வீட்டில் நடந்த யுத்தத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "எங்கட பரம்பரையில இப்பிடி ஒரு வருத்தம் கிடையாது" என்றார் பெரிய மாமி. "எங்க வீட்டு ஆக்கள் தொண்ணூறு வயசுல படியேறிப் பூசைக்குப் போற ஆக்கள்" என்றேன் நான். அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு இருந்தார். முடிவு வந்தது. இரத்தத்தை உண்டாக்கும் பரம்பரையலகின் பிழையான பிரதி ஒன்று என்னிடமும் இருந்தது, ஒன்று அப்பாவிடமும் இருந்தது. எங்களுக்கு ஒரு பிரதிதான் பிழை என்பதால் ஒன்றும் செய்யவில்லை. உனக்கு இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. யுத்தம் சமனாக முடிந்தது. ஒருவரையும் ஏச முடியாமல் போனதால் வீட்டில் பெரிய அமைதி.

கிளினிக்கில் இருந்த பெரிய டொக்டர், மாதா மாதம் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், வாழ்நாள் முழுவதும், என்றார். நல்ல மனிதர்தான், பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அநேகமான பிள்ளைகளுக்கு நடக்கும். ஆனால் அவருக்குக் கீழே ஒரு இளம் பெண் டொக்டர் இருந்தா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, புதிதாக வந்தவ, மெலிந்த முகம். உன்னுடைய பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு என்னிடம் வந்து, "அம்மா, அவசரப்பட வேண்டாம். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. அடுத்த முறை வரேக்கை பிள்ளையின்ர குறிப்பு முழுக்கக் கொண்டு வாங்கோ" என்றா.

நான் என்ன செய்தேன் என்று உனக்கு இப்போது விளங்கியிருக்கும். வீட்டுக்குப் போய்ப் பெரிய மாமியின் அலுமாரியைத் திறக்கச் சொல்லி, உன் குறிப்பை எடுத்தேன். ஏசு சுவாமி படத்துக்குக் கீழே இருந்து சாதகத்தை எதிர்த்தவள், அதைப் பொலித்தீன் உறை போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். படித்த டொக்டரே கேட்கிறா என்றால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன். பெரிய மாமிக்கு அன்று இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. வழியில் செக்பொயின்றில் ஆமிக்காரன் பையைத் திறந்தான். கட்டம் கட்டமாகக் கீறி, தமிழில் எழுதிய தாளை உறையிலிருந்து மழையில் இழுத்துப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. "மே மொக்கத?" என்றான், இது என்ன என்று. "பபாகே கேந்தரே, மாத்தயா" என்றேன், பிள்ளையின் சாதகம் ஐயா என்று. அவன் முகம் அப்படியே மாறிவிட்டது. உன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, தன் மகளுக்கும் இப்போதுதான் எழுதுவித்ததாகச் சொல்லி, மழையில் நிற்க வேண்டாம், போங்கள் என்று அனுப்பிவிட்டான்.

டொக்டர் உறையைத் திறந்து பார்த்தா. பிறகு சிரித்தா பார், மேசையில் தலையை வைத்துச் சிரித்தா. "அம்மா, நான் கேட்டது கிளினிக் குறிப்பு. பிறந்த ஆஸ்பத்திரியில தந்த பேப்பர், ஊசி போட்ட காட், அதுகள்" என்றா. எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வரிசையில் நின்ற மற்றத் தாய்மார் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். நான் தாளை இழுத்துப் பைக்குள் வைக்கப் போனேன். அவ விடவில்லை. "இல்லை, இல்லை, இருக்கட்டும். இதை வச்சே உங்களுக்கு விளங்கப்படுத்தலாம்" என்று கதிரையை இழுத்துப் போட்டா.

"இங்க பாருங்கோ, இது எழுதினது. இனி மாறாது. ஆனா நான் இந்தக் கட்டத்தில விரலை வச்சு மூடினா, சாத்திரியார் என்னத்தை வாசிப்பார்?" என்று பெருவிரலால் ஒரு கட்டத்தை மூடினா. மற்றக் கட்டங்களை வாசிப்பார் என்றேன். "ஓம். உடம்புக்குள்ளயும் அதுதான் நடக்குது" என்று தொடங்கினா. உன் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு கலத்திலும் எழுதியிருப்பது ஒன்றுதான். கண்ணில் இருக்கும் கலத்திலும் அதே எழுத்து, குதிகாலில் இருக்கும் கலத்திலும் அதே எழுத்து. ஆனால் கண் கண்ணாகவும் குதிகால் குதிகாலாகவும் இருப்பது, எங்கே எது வாசிக்கப்படுகிறது, எது மூடிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைத் தீர்மானிப்பதற்கென்று சில புரதங்கள் இருக்கின்றனவாம். அவை டீ.என்.ஏ. இழையைத் தடவிக்கொண்டு போய், தங்களுக்கு உரிய சில எழுத்துகள் வரும் இடத்தைக் கண்டதும் அங்கே குந்திக்கொள்ளும். சில புரதங்கள் குந்தினால் அங்கே எழுதியிருக்கும் பரம்பரையலகு வாசிக்கப்படும். சில குந்தினால் வாசிக்க விடாது. எழுதினதை ஒருவரும் அழிப்பதில்லை, மூடுவதும் திறப்பதும்தான் வேலை.

பிறகு உன் விஷயத்துக்கு வந்தா. வயிற்றில் இருக்கும்போது பிள்ளைக்கு ஒரு ஈமோகுளோபின், வெளியே வந்த பிறகு இன்னொன்று. இரண்டுக்கும் உரிய பரம்பரையலகுகள் ஒரே நிறமூர்த்தத்தில், ஒரே நீண்ட டீ.என்.ஏ. இழையில், பக்கத்துப் பக்கத்து வீடுகள். பிள்ளை பிறந்து கொஞ்ச நாள் போக, ஒரு புரதம் வந்து முதல் வீட்டின் வாசலில் குந்தும். அந்த வீடு மூடிவிடும், மற்றது திறக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். உனக்கு அந்த இரண்டாவது வீட்டில்தான் பிழை, இரண்டு பிரதியிலும். அதனால்தான் முதலாவது மூடத் தொடங்கியதும் நீ வெளிறினாய். "ஆனா இவருக்கு முழுக்க மூடேல்லை அம்மா. இந்த வயசுப் பிள்ளைக்கு இருக்கக் கூடாத அளவு, வயித்துக்குள்ள இருக்கிற ஈமோகுளோபின் இன்னும் இருக்கு" என்று சொல்லி, தாளின் ஒரு மூலைக் கட்டத்தில் விரலை வைத்தா. மழையில் அந்த மூலை நனைந்திருந்தது. விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. "இதுதான். அந்தப் புரதம் குந்திற இடத்தில ஒரு எழுத்து மாறியிருக்க வேணும். பிடிச்சு நிக்க ஏலாமல் வழுக்குது. எந்தப் புரதம் எண்டு இன்னும் சரியாப் பிடிபடேல்லை. ஆனா வழுக்குது எண்டால் பிள்ளைக்கு நல்லது. மாதா மாதம் இரத்தம் ஏத்த முதல் பொறுத்துப் பாப்பம்."

பொறுத்துப் பார்த்தோம். அந்த நாட்களை உனக்கு எப்படிச் சொல்ல. ஒவ்வொரு முறையும் உன் விரலில் குத்தி எடுத்த இரத்தத்தின் முடிவு வரும்வரை நான் கிளினிக் கதவைப் பார்த்தபடியே இருப்பேன். ஈமோகுளோபின் எண் இறங்கினால் ஊசியும் இரத்தப் பையும்தான் உன் வாழ்க்கை. இறங்காவிட்டால் நீ உன் சொந்த இரத்தத்தில் வாழ்வாய். ஒவ்வொரு முறையும் அந்த டொக்டர் தூரத்திலிருந்தே தலையை ஆட்டுவா. இறங்கவில்லை. மற்றப் பிள்ளைகள் அளவுக்கு ஏறவும் இல்லை, ஆனால் இறங்கவில்லை. பெரிய டொக்டரும் கடைசியில் உன் கிளினிக் கொப்பியைப் பார்த்து, "இவன் எங்களை ஏமாத்திப்போட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன், வெட்கப்படவில்லை. ஐஸ்கிறீம் வாங்கித் தந்தேன், நீ அதை என் சேலையில் பூசினாய்.

உடம்பு வெளிறியிருந்தால் இரும்புச்சத்துக் கொடுக்க வேண்டும் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த வைத்தியம். உனக்கு அதுதான் நஞ்சு, உன் உடம்பு தேவைக்கு மேலே இரும்பை இழுத்துச் சேர்த்து வைக்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தா. பெரிய மாமி ஈரல் கறியோடு வருவார், பக்கத்து வீட்டு அன்ரி ரொனிக் போத்தலோடு வருவா. நான் இரண்டையும் மறித்துத் திருப்பி அனுப்புவேன். அதற்குப் பதிலாக, இரும்பு உடம்பில் சேராமல் இருக்கச் சோற்றோடு பாலில்லாத பிளேன்டீ குடிக்க விடச் சொன்னார்கள். "சின்னப் பிள்ளைக்குச் சோத்தோட தேத்தண்ணி குடுக்கிறாள், கொட்டாஞ்சேனைப் பழக்கம்" என்று மாமி தன் சினேகிதிகளுக்கு எல்லாம் சொல்லித் திரிந்தார். சொல்லட்டும் என்று விட்டேன். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுப் பெட்டியோடு தேத்தண்ணிப் போத்தல் கொண்டுபோன ஒரே பிள்ளை நீதான்.

அந்த மாறிய எழுத்து எங்கிருந்து வந்தது என்று பார்க்க என்னையும் அப்பாவையும் மறுபடி பரிசோதித்தார்கள். எனக்குள்ளும் வயிற்றுப் பிள்ளைக்குரிய அந்த ஈமோகுளோபின் ஓடிக்கொண்டிருந்தது, வளர்ந்த மனுஷிக்கு இருக்க வேண்டியதைவிடக் கன மடங்கு. பெரிய மாமி கேட்டுவிட்டு, "அதுதானே பாத்தன், இவ்வளவு வயசாகியும் சின்னப் பிள்ளை மாதிரி நிண்டு சண்டை பிடிக்கிறாள்" என்றார். ஆனால் பெரிய செய்தி நீ கம்பஸுக்குப் படிக்கப் போன பிறகுதான் வந்தது. அதற்கிடையில் அந்த வாசலில் குந்தும் புரதத்தையும் அது தேடும் எழுத்துகளையும் வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர் கண்டுபிடித்திருந்தார்கள். எங்கள் மூன்று பேரின் இரத்தத்தையும் எழுத்து எழுத்தாக வாசித்துப் பார்த்தார்கள். அதே டொக்டர், இப்போது அவவே பெரிய டொக்டர், எனக்கு ரெலிபோனில் கோல் எடுத்துச் சொன்னா: "அம்மா, உங்கட பிழையும் அந்த மாறின எழுத்தும் ஒரே நிறமூர்த்தத்தில, ஒரே இழையில இருக்கு. நீங்க பிள்ளைக்கு இரண்டையும் ஒண்டாத்தான் குடுத்திருக்கிறீங்கள்." விளங்குகிறதா மகன். நான் உனக்குப் பிழையைத் தந்த அதே இழையில், அதிலிருந்து தப்பும் வழியும் எழுதியிருந்தது. நான் நேரே பெரிய மாமியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப எங்கட பக்கம்தான் வெறும் பிழையைக் குடுத்திருக்கு" என்றார். பிறகு எழும்பிப் போய், தன் கையால் எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்தார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அதை நான் பாயசம் மாதிரிக் குடித்தேன்.

இன்னும் கேள். இப்போது வெளிநாடுகளில் உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு என்ன வைத்தியம் செய்கிறார்கள் தெரியுமா. தெரியும், நீதான் எனக்கு வாசித்துக் காட்டினாய். அவர்களின் எலும்பு மச்சையில் இருந்து கலங்களை எடுத்து, அந்த மூடும் புரதம் உண்டாகாமல் செய்து திருப்பி ஏற்றுகிறார்கள். மூடிய வீடு திறக்கிறது. எத்தனையோ படித்த தலைகள் சேர்ந்து, பெரிய பெரிய ஆய்வுகூடங்களில் செய்ய முயல்வதை, உன் உடம்பு ஒருவரையும் கேட்காமல் பிறந்த நாளிலிருந்து செய்துகொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நீ "பிழை" என்று முகத்தைச் சுருக்குகிறாய்.

நீ களைத்துப் போவாய் என்று எனக்குத் தெரியும். படியேறினால் மூச்சு வாங்கும், மண்ணீரல் பெருத்திருக்கிறது, குளிசையை நிறுத்த முடியாது. அதையெல்லாம் இல்லை என்று சொல்ல நான் விசரி இல்லை. கிளினிக்கை ஒரு முறையும் தவறவிடாதே, ஷாமினிக்கு ஒன்றையும் மறைக்காதே. அந்தப் பிள்ளை கல்யாணத்துக்கு முன்னால், ஒருவரும் சொல்லாமலே, ஹெந்தளையில் தன் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஆய்வுகூடத்துக்குப் போய் இரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தவள். தன்னிடம் பிழை இல்லை என்று முடிவு வந்ததும் முதலில் எனக்குத்தான் சொன்னாள். அதனால் உன் பிள்ளைக்கு ஒரு பிழையான பிரதி உன்னிடமிருந்து போகும், அது நிச்சயம். ஆனால் வருத்தம் வராது, அதுவும் நிச்சயம். என்னையும் அப்பாவையும் போல ஒரு பிரதியோடு ஓடித் திரியும். வளர்ந்ததும் கல்யாணம் கட்டப் போகிறவரின் இரத்தத்தைப் பார்க்கச் சொல், அவ்வளவுதான். நீ இழந்தது எதுவும் அந்தப் பிள்ளைக்கு இழப்பில்லை.

இனி நான் இவ்வளவு நேரம் எழுதியதற்குக் காரணத்தைச் சொல்கிறேன். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த முதல் ஈமோகுளோபினில்தான் வாழ்கிறது. தாயின் இரத்தத்திலிருந்து ஒட்சிசனை இழுத்தெடுக்க அதற்குத்தான் பலம். வெளியே வந்த பிறகு எல்லாரும் அதை விட்டுவிடுகிறோம். அப்பா விட்டுவிட்டார், ஷாமினி விட்டுவிட்டாள், எனக்குள் கொஞ்சம் சும்மா ஓடுகிறது, நான் அதை நம்பி இல்லை. நீ மட்டும்தான் அதை நம்பி உயிர் வாழ்கிறாய். சின்ன வயதில் ஒருநாள் கிளினிக்கிலிருந்து வரும்போது, "என்னை மாதிரி இரத்தம் வேற ஆருக்கும் இல்லையா அம்மா" என்று கேட்டாய். நான் ஜன்னலுக்கு வெளியே எதையோ காட்டினேன்.

அதற்குப் பதில் இப்போது தெரியும். எங்கள் குடும்பத்தில் அந்த இரத்தத்தில் உயிரைத் தாங்கிக்கொண்டு இருப்பவர்கள் இன்றைக்கு இரண்டு பேர். ஒருவர் நீ. மற்றவரை வெள்ளிக்கிழமை காலையில் ஸ்கிரீனில் காட்டுவார்கள். பிறந்து சில மாதத்தில் அவரும் உன்னை விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்துவிடுவார். அதற்கு முதல் போய் உன் முகத்தைக் காட்டு.

அம்மா